சோத்துல தோத்த சண்டை



ஐப்பசி மழை நாலு நாளா விட்டு விட்டுப் பெய்யுது. காட்டுக்குள்ள கால் வைக்க முடியல. அதனால இந்த வாரம் மஞ்சளும் இல்லை, மாடும் இல்லை. முதல் உலகப்போரைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்திருக்கேன். பண்ணையம் பண்றவனுக்கு ஐரோப்பாக்காரன் சண்டை எதுக்குன்னு நீங்க கேக்கலாம். கொஞ்சம் பொறுமையாப் படிங்க. அந்தச் சண்டையை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அது ஒரு வெள்ளாமைக் கதையாத்தான் தெரியுது.

பள்ளிக்கூடத்துல படிச்சப்போ அது ரெண்டு பக்கப் பாடம். இளவரசரைச் சுட்டாங்க, சண்டை வந்துச்சு, ஜெர்மனி தோத்துச்சு, வெர்சேல்ஸ் ஒப்பந்தம் போட்டாங்க. பரீட்சைக்கு அது போதும். ஆனா ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. 1918 நவம்பர்ல சண்டை நின்ன அன்னிக்கு, எல்லையோரத்துல ஒரு சின்னத் துண்டைத் தவிர ஜெர்மன் மண்ணுல எதிரி கால் வைக்கல. ஜெர்மன் படைதான் பிரான்சுலயும் பெல்ஜியத்துலயும் நின்னுட்டிருந்துச்சு. கிழக்கே ரஷ்யாவை ஜெயிச்சும் இருந்துச்சு. அப்படியும் தோத்துச்சு. அமெரிக்கா வந்து சேர்ந்தது, ஆள் தீர்ந்து போனது, கூட்டாளிங்க ஒவ்வொருத்தரா விழுந்தது, எல்லாம் காரணம்தான். ஆனா அடியில கிடக்கற காரணம் சோறு. களஞ்சியம் காலியானதுக்கு அப்புறம் பீரங்கி எத்தனை இருந்து என்ன பண்றது?

கூட்டணிக் கயிறு

சண்டைக்கு முன்னாடி ஐரோப்பா ரெண்டு கட்சியா நின்னுச்சு. ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. இவங்க 1882-லயே கைகோத்தவங்க. இன்னொரு பக்கம் பிரான்சும் ரஷ்யாவும் 1894-ல சேர்ந்தாங்க. 1904-ல பிரிட்டன் பிரான்சோட சமாதானமாச்சு, 1907-ல ரஷ்யாவோடயும் ஆச்சு. நம்ம ஊர்ல ஒரு வரப்புத் தகராறு வந்தா, சம்பந்தப்பட்ட ரெண்டு பேரு மட்டும் மோதிக்கிட்டா ஒரு நாள்ல தீர்ந்துடும். பங்காளி, மாமன், மச்சான்னு ஆளுக்கு ஆள் கூட்டிட்டு வந்தா என்ன ஆகும்? அதேதான் அங்கயும் நடந்துச்சு.

1914 ஜூன் 28. போஸ்னியாவுல சாரயேவோ நகரம். ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் கவ்ரிலோ பிரின்சிப்ங்கற 19 வயசுப் பையன் சுட்டுக் கொன்னான். அவனும் ஒரு குடியானவக் குடும்பத்துப் பையன்தான். சரியா ஒரு மாசம் கழிச்சு, ஜூலை 28-ல ஆஸ்திரியா செர்பியா மேல போர் அறிவிச்சுது. செர்பியாவுக்கு ரஷ்யா வந்துச்சு. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வந்துச்சு. ஆகஸ்ட் 1-ல ஜெர்மனி ரஷ்யா மேலயும், 3-ல பிரான்ஸ் மேலயும் போர் அறிவிச்சுது. பிரான்சை அடிக்கறதுக்குக் குறுக்கு வழின்னு 4-ஆம் தேதி பெல்ஜியத்துக்குள்ள புகுந்துச்சு. பெல்ஜியத்தைத் தொடமாட்டோம்னு 1839-ல பெரிய நாடுங்க எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பத்திரம் இருந்துச்சு. அந்த 75 வருஷப் பழைய பத்திரத்தைச் சொல்லி அன்னிக்கே பிரிட்டனும் இறங்கிடுச்சு. ஒரே வாரத்துல ஒரு கண்டமே சண்டையில.

அப்புறமா துருக்கியும் பல்கேரியாவும் ஜெர்மனி பக்கம் போச்சு. ஜப்பானும் ருமேனியாவும் எதிர்ப்பக்கம் சேர்ந்துச்சு. இத்தாலி மட்டும் ஜெர்மனிக்குக் கொடுத்த வாக்கை மறந்துட்டு, 1915-ல எதிர்ப்பக்கமே போய் நின்னுச்சு.

இலை உதிர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்னு நினைச்சுத்தான் போனாங்க. கூடவே ஒண்ணைக் கவனிங்க. சண்டை ஆரம்பிச்சது ஆகஸ்ட் மாசம். அது அங்கே கோதுமை அறுப்புக் காலம். கதிர் அருவாளைக் கீழ வெச்சுட்டுத்தான் லட்சக்கணக்கான ஆளுங்க ரயில் ஏறினாங்க. ஊர்ல மிச்சம் இருந்தது பொம்பளைங்க, கிழவங்க, குழந்தைங்க.

காட்டுல இருந்து போன சாமான்

செப்டம்பர்ல பாரிஸ் பக்கத்துல மார்ன் ஆத்தங்கரையில ஜெர்மன் படையைத் தடுத்து நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் குழி வெட்டி உட்கார்ந்துட்டாங்க. வடகடல்ல இருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரைக்கும் சுமார் 700 கிலோமீட்டர் பதுங்குகுழி. மூணு வருஷத்துக்கு மேல அந்தக் கோடு பெருசா நகரல.

அந்தக் குழிக்கு முன்னாடி போட்டது முள்கம்பி. நம்ம தோட்டத்தைச் சுத்திப் போடறோமே, அதே முள்கம்பிதான். அதுக்கு 1874-ல காப்புரிமை வாங்கினவர் ஜோசப் கிளிட்டன்ங்கற அமெரிக்க விவசாயி. மாடு வெள்ளாமையில மேயாம இருக்கறதுக்குக் கண்டுபிடிச்சது, மனுஷனை மாட்டிவிடப் பயன்பட்டுச்சு. 1916 ஜூலை 1-ல சோம் போர்ல ஒரே நாள்ல பிரிட்டிஷ் படையில 19,240 பேர் செத்தாங்க. நிறையப் பேர் அந்தக் கம்பிக்கு முன்னாடியே விழுந்தவங்க.

கம்பியைத் தாண்டறதுக்கு டாங்கி வந்துச்சு. அதோட கதையும் வயல்லதான் ஆரம்பிக்குது. கலிபோர்னியாவுல ஹோல்ட் கம்பெனிக்காரங்க சேத்துல புதையாம உழறதுக்கு சங்கிலிச் சக்கரம் போட்ட டிராக்டர் செஞ்சாங்க. அதை பீரங்கி இழுக்கறதுக்குக் கொண்டு போனாங்க. அது இழுக்கறதைப் பாத்துத்தான் டாங்கிக்கு யோசனையே வந்துச்சு. இங்கிலாந்துல முதல் டாங்கியைச் செஞ்சு கொடுத்ததும் லிங்கன் ஊர்ல விவசாயக் கருவி செய்யற கம்பெனிதான். 1916 செப்டம்பர் 15-ல அது முதல் தடவையா சண்டைக்கு வந்துச்சு.

குதிரையைச் சொல்லவே வேண்டாம். அன்னிக்கு ஐரோப்பாவுல ஏர் இழுத்தது குதிரை. அரசாங்கம் ஊர் ஊராப் போய் நல்ல குதிரையாப் பாத்துப் பிடிச்சுட்டுப் போச்சு. அந்தச் சண்டையில செத்த குதிரை, கழுதை எல்லாம் சேர்த்து சுமார் 80 லட்சம்னு கணக்கு சொல்றாங்க. ஆள் போச்சு, ஏர் மாடு மாதிரி இருந்த குதிரையும் போச்சு. இனி நிலத்துக்குப் போடற சத்து எங்க போச்சுன்னு பாப்போம்.

தழைச்சத்து யாருக்கு?

பயிருக்குத் தழைச்சத்து வேணும். வெடிமருந்துக்கும் அதே தழைச்சத்துதான் வேணும். ரெண்டுக்கும் மூலம் ஒண்ணு. இது தெரியாம இந்தச் சண்டை புரியாது.

அந்தக் காலத்துல உலகத்துக்கே உப்பு உரம் கொடுத்தது தென்னமெரிக்காவுல இருக்கற சிலி நாடு. அங்கே அட்டகாமா பாலைவனத்துல வெடியுப்பு பாளம் பாளமாக் கிடைச்சுது. அதை அதிகமா வாங்கினது ஜெர்மனி. சண்டை ஆரம்பிச்ச உடனே பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியோட கடல் வழியை அடைச்சுது. வெடியுப்பு நின்னுச்சு. கோதுமை, பார்லி, மாட்டுத் தீவனம், கொழுப்பு எல்லாம் நின்னுச்சு. ஜெர்மனி தன் சாப்பாட்டுல கால் பங்குக்கு மேல வெளியில இருந்து வாங்கிட்டிருந்த நாடு.

வெடியுப்பு இல்லாம ஒரு வருஷத்துக்குள்ளயே ஜெர்மனியோட பீரங்கி வாயடைச்சுப் போயிருக்கும். அது நடக்காமத் தடுத்தவர் ஃபிரிட்ஸ் ஹேபர்ங்கற விஞ்ஞானி. காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு அம்மோனியா செய்யற வழியை அவர் 1909-லயே காட்டியிருந்தார். கார்ல் போஷ் அதைப் பெரிய தொழிற்சாலையாக்கினார். ரைன் ஆத்தோரம் ஓப்பாவுல 1913-ல ஓட ஆரம்பிச்ச அந்த ஆலை உரத்துக்குன்னு கட்டினது. சண்டை வந்ததும் அதை வெடிமருந்துப் பக்கம் திருப்பிட்டாங்க.

ஆக, காத்துல இருந்து பிடிச்ச தழைச்சத்து பீரங்கிக்குப் போச்சு, நிலம் பட்டினி கிடந்துச்சு. ஆள் இல்லை, குதிரை இல்லை, உப்பு உரம் இல்லை. விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் இறங்கிச்சு. இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், மூணு வருஷம் எருவே போடாம ஒரு காட்டை உழுது பாத்தவங்களுக்குத் தெரியும்.

இதே ஹேபர்தான் 1915 ஏப்ரல் 22-ல பெல்ஜியத்துல ஈப்ர் ஊர்ப் பக்கம் குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட முன்னால நின்னவரும். கொஞ்ச நாள்ல அவர் மனைவி கிளாரா, அவரும் வேதியியல் படிச்சவர், தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். சண்டை முடிஞ்சதும் அம்மோனியாவுக்காக ஹேபருக்கு நோபல் பரிசு கொடுத்தாங்க. அவர் யூதராப் பிறந்தவர். 1933-ல ஹிட்லர் வந்ததும் நாட்டைவிட்டே போக வேண்டி வந்துச்சு. எந்த நாட்டுக்காக அத்தனையும் செஞ்சாரோ, அந்த நாடு அவரை வெச்சுக்கல.

விலைக்குக் கட்டு, பன்னிக்குக் கத்தி

இப்பச் சொல்லப் போறதுதான் என்னை இதை எழுத வெச்சது.

தட்டுப்பாடு வந்ததும் ஜெர்மன் அரசாங்கம் தானியத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அதிகபட்ச விலை இதுதான்னு கட்டுப் போட்டுச்சு. பட்டணத்து ஜனங்க கோபப்படக் கூடாதில்லையா? ஆனா இறைச்சிக்கு அப்போ கட்டு இல்லை. விவசாயி என்ன செய்வான்? கிழங்கை வித்தா கட்டுப்படியாகல, பன்னிக்குப் போட்டு கறியா வித்தா காசு. அப்படியே செஞ்சான். குத்தம் சொல்ல முடியுமா? சொன்னாங்க. பன்னி மனுஷன் சாப்பாட்டைத் தின்னுதுன்னு அதிகாரிகளும் பேராசிரியர்களும் கணக்குப் போட்டாங்க. 1915-ல லட்சக்கணக்கான பன்னிகளை வெட்டச் சொன்னாங்க. வெட்டினாங்க. கொஞ்ச நாள் கறி மலிஞ்சு கிடந்துச்சு. அப்புறம் கறியும் இல்லை, கொழுப்பும் இல்லை. முக்கியமா எரு இல்லை. உப்பு உரம் நின்ன நேரத்துல, இருந்த எருவுக்கும் கத்தி வெச்சாச்சு. ஒரு பட்டி ஆடு வெச்சிருக்கற நம்மாளு எவனும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்.

1916-ல இலையுதிர்காலம் மழை விடல. உருளைக்கிழங்குல கருகல் நோய் விழுந்துச்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அப்பவே இருக்கு, பிரான்சுல போர்டோ திராட்சைக் காட்டுல பிறந்த மருந்து அது. ஆனா மயில்துத்தத்துக்குச் செம்பு வேணும். செம்பெல்லாம் குண்டு செய்யப் போயிருந்துச்சு. வீட்டுப் பாத்திரம், கோயில் மணி வரைக்கும் கழட்டிட்டுப் போன காலம். கிழங்கு விளைச்சல் பாதியா விழுந்துச்சு.

அந்தக் குளிர்காலத்துக்கு அவங்க வெச்ச பேரு டர்னிப் குளிர்காலம். டர்னிப்னா முள்ளங்கி சாதியில ஒரு கிழங்கு. அங்கே மாட்டுக்குப் போடறது. காலையில டர்னிப், மத்தியானம் டர்னிப், ரொட்டியில டர்னிப் மாவு. பட்டணத்துல பங்கீட்டு அட்டைக்குக் கிடைச்சது ஒரு ஆளுக்கு வேண்டிய சாப்பாட்டுல பாதிகூட இல்லை. ஞாயித்துக்கிழமை ஆனா பட்டணத்து ஜனங்க ரயில் ஏறி ஊருக்கு வருவாங்க. மேசைத் துணி, கடிகாரம், நகைன்னு கொடுத்து கிழங்கு வாங்கிட்டுப் போவாங்க. போலீஸ் அந்தப் பையையும் பிடுங்கும். இன்னொரு பக்கம் அதிகாரிங்க களஞ்சியத்துக்குள்ள புகுந்து பதுக்கல் தேடுவாங்க. பட்டணத்தானுக்கு விவசாயி மேல கோபம், விவசாயிக்குப் பட்டணத்தான் மேல கோபம். நாடே உள்ளுக்குள்ள ரெண்டாப் பிளந்துச்சு. முற்றுகையாலயும் பசியாலயும் ஜெர்மனியில செத்த பொதுஜனம் 4 லட்சத்துக்கு மேலன்னு ஒரு கணக்கு, 7 லட்சத்தைத் தாண்டும்னு இன்னொரு கணக்கு.

எதிர்ப்பக்கம் செஞ்சது

பிரிட்டனுக்கும் இதே ஆபத்து இருந்துச்சு. அது தன் கோதுமையில பெரும்பங்கை வெளியில இருந்து வாங்கற தீவு. 1917 பிப்ரவரி 1-ல இருந்து ஜெர்மன் நீர்மூழ்கிங்க கண்ணுல பட்ட கப்பலை எல்லாம் மூழ்கடிச்சுது. ஏப்ரல் மாசத்துல மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல கப்பல் போச்சு. கையிருப்புக் கோதுமை ஆறு வாரத்துக்குத்தான்னு பயந்த நேரம் அது.

பிரிட்டன் ரெண்டு வேலை செஞ்சுது. கப்பலைத் தனித்தனியா விடாம, போர்க்கப்பல் காவலோட கூட்டமா விட்டாங்க. ரெண்டாவது, விவசாயிகிட்ட வந்தாங்க. 1917-ல தானிய உற்பத்திச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து, கோதுமைக்கும் ஓட்சுக்கும் குறைஞ்சபட்ச விலை உறுதி பண்ணினாங்க. காட்டு வேலைக்குப் போறவங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலியும் அதே சட்டத்துல. பெண்கள் நிலப்படைன்னு ஒண்ணு திரட்டி ஆயிரக்கணக்கான பெண்களைக் காட்டு வேலைக்குக் கொண்டு வந்தாங்க. மேய்ச்சல் நிலத்தை உழுதாங்க. அமெரிக்காவுலயும் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில உணவுக்குன்னு ஒரு நிர்வாகம் வந்து, கோதுமை ஒரு புஷல் 2 டாலர் 20 சென்ட்னு விலை கட்டினாங்க. அங்கே விவசாயி போட்டி போட்டு உழுதான்.

ஒரு நாடு, இதுக்கு மேல விக்காதேன்னு சொல்லிச்சு. இன்னொரு நாடு, இதுக்குக் கீழ போக விடமாட்டேன்னு சொல்லிச்சு. வெளியில இருந்து தானியம் வர வழி திறந்திருந்ததும் பிரிட்டனுக்கு உதவிச்சு, அதை மறைக்க முடியாது. ஆனாலும் இந்த ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் நமக்கு நல்லாவே புரியும்.

ரொட்டி வரிசை

ரஷ்யா கதை வேற. அது கோதுமையை வெளியில விக்கற நாடு. துருக்கி கருங்கடல் வாசலை அடைச்சதால ஏத்துமதி நின்னுச்சு, தானியம் உள்ளுக்குள்ளயே இருந்துச்சு. அப்படியும் பட்டணத்துல ரொட்டி இல்லை. ரயிலெல்லாம் படைக்குப் போச்சு. பணத்துக்கு மதிப்பு போச்சு. காசை வாங்கி என்ன வாங்கறது, கடையில ஆணிகூட இல்லையேன்னு விவசாயி தானியத்தை வீட்டுலயே வெச்சுக்கிட்டான்.

1917 மார்ச் 8, பெண்கள் தினம். பெட்ரோகிராடுல ரொட்டிக்கு வரிசையில நின்னு நின்னு வெறுத்த பெண்களும், மில்லுல வேலை செஞ்ச பெண்களும் தெருவுல இறங்கினாங்க. ஒரே வாரத்துல, 300 வருஷம் ஆண்ட வம்சத்தோட ஜார் மன்னர் முடி துறந்தார். நவம்பர்ல லெனின் கட்சி ஆட்சியைப் பிடிச்சு, முதல் வேலைகள்ல ஒண்ணா நிலத்தைப் பத்தி ஆணை போட்டுச்சு. நிலம் பங்கு போடறாங்கன்னு கேள்விப்பட்டு சிப்பாய்ங்க துப்பாக்கியோட ஊருக்குத் திரும்பினாங்க. (பின்னாடி அந்த ஆட்சியும் துப்பாக்கியோட தானியம் எடுக்க வந்துச்சு. 1921-22 பஞ்சத்துல அங்கே சுமார் 50 லட்சம் பேர் செத்தாங்க.)

ஜெர்மனிக்கு இப்போ உக்ரைன் கரிசல் மண் கண்ணுல பட்டுச்சு. 1918 பிப்ரவரியில உக்ரைனோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்குப் பேரே ரொட்டிச் சமாதானம். 10 லட்சம் டன் தானியம் தரணும்னு எழுதி வாங்கினாங்க. லட்சக்கணக்குல படையை அனுப்பினாங்க. உக்ரைன் குடியானவன் தானியத்தைக் குழி தோண்டிப் புதைச்சான், எதிர்த்துச் சண்டை போட்டான். எழுதி வாங்கினதுல கொஞ்சம்தான் வந்து சேர்ந்துச்சு. களத்துக்குச் சொந்தக்காரன் கை கொடுக்காம தானியம் எடுக்கறது சுலபமில்லைங்க.

நம்ம பக்கம்

நமக்கும் இதுல பங்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரிச்சுது. இன்னிக்கும் நம்ம ஊர்ல விவகாரமான ஆளை "அவன் பெரிய எம்டன்"னு சொல்றோமே, அந்தக் கப்பல்தான்.

இந்தியாவுல இருந்து 13 லட்சம் பேர் வரைக்கும் போனாங்க. 74,000 பேர் திரும்பல. பெரும்பாலும் குடியானவப் பிள்ளைங்க, அதுலயும் பஞ்சாப் பக்கம் அதிகம். ஈராக்குல கூட் ஊர்ல ஒரு படை முற்றுகையில மாட்டி, சாப்பாடு தீர்ந்து, குதிரையை வெட்டித் தின்னு, 1916 ஏப்ரல் 29-ல சரணடைஞ்சுது. குதிரைக் கறி சாப்பிட மாட்டோம்னு பட்டினி கிடந்த இந்தியச் சிப்பாய்ங்க அதுல நிறைய. துருக்கி ஆட்சியில இருந்த லெபனான் மலையிலயும் முற்றுகை, வெட்டுக்கிளி, பதுக்கல்னு சேர்ந்து சுமார் 2 லட்சம் பேர் பசியால செத்தாங்க.

1918-ல நம்ம நாட்டுல மழையும் பொய்ச்சுது. அரிசி, துணி, மண்ணெண்ணெய், உப்புன்னு எல்லாம் விலை ஏறி, அந்த செப்டம்பர்ல சென்னையிலயும் மாகாணத்துல பல ஊர்லயும் கடைகளைச் சூறையாடினாங்க. அதே நேரத்துல விஷக்காய்ச்சல் வந்து, இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல ஜனம் செத்துச்சு. குண்டு விழாத ஊர்லயும் சண்டை வந்து போச்சு.

கணக்கு முடிஞ்சதா?

1918 மார்ச்சுல ஜெர்மனி கடைசியா ஒரு தடவை எல்லாப் பலத்தையும் திரட்டி மேற்கே அடிச்சுது. பிரிட்டிஷ் படையைப் பின்னால தள்ளிச்சு. ஆனா வழியில பிரிட்டிஷ் சாப்பாட்டுக் கிடங்குகளைப் பாத்த ஜெர்மன் சிப்பாய்ங்க, சண்டையை மறந்துட்டு அங்கயே உட்கார்ந்து தின்னாங்க, குடிச்சாங்க. எதிரிக்கு இத்தனை சாப்பாடு இருக்குன்னு கண்ணால பாத்ததே அவங்க மனசை உடைச்சுது. நவம்பர் 11-ல சண்டை நின்னுச்சு. அதுக்கப்புறமும் கடல் முற்றுகையை முழுசா எடுக்கல. 1919 ஜூலை வரைக்கும் வெச்சிருந்தாங்க. சண்டை முடிஞ்ச பின்னாடியும் குழந்தைங்க பசியில கிடந்துச்சுங்க.

சிப்பாய்ங்க மட்டும் 90 லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கின்னு நாலு சாம்ராஜ்யம் காணாமப் போச்சு. 1919 ஜூன் 28-ல வெர்சேல்ஸ் ஒப்பந்தம், பழி முழுக்க ஜெர்மனி கூட்டணி மேல. தண்டம் எவ்வளவுன்னு 1921-ல கணக்குப் போட்டப்போ 13,200 கோடி தங்க மார்க். அந்தப் பசியையும் அவமானத்தையும் வெச்சுத்தான் ஹிட்லர் அரசியல் பண்ணினார். சோத்துக்கு வெளியில கை ஏந்தக் கூடாது, கிழக்கே உக்ரைன் மண்ணைப் பிடிக்கணும்ங்கறது அவர் கணக்கு. 1941-ல ரஷ்யா மேல பாஞ்சப்போ, அங்கத்து தானியத்தை எடுத்துட்டு கோடிக்கணக்கான ஜனங்களைப் பட்டினியில சாக விடறதுன்னு காகிதத்துல எழுதியே வெச்சிருந்தாங்க. டர்னிப் குளிர்காலத்துல இருந்து அவங்க எடுத்துக்கிட்ட பாடம் அது.

ஜெயிச்ச நாட்டு விவசாயி என்ன ஆனான்? பிரிட்டன் கொடுத்த விலை உறுதியை, தானிய விலை விழ ஆரம்பிச்சதும் 1921-ல அரசாங்கமே ரத்து பண்ணிடுச்சு. அங்கத்து விவசாயிங்க அதைப் பெரிய துரோகம்னு பேர் வெச்சுச் சொன்னாங்க. அமெரிக்காவுல கடன் வாங்கி டிராக்டரும் நிலமும் வாங்கினவன், விலை விழுந்ததும் கடனை அடைக்க இன்னும் அதிகமா உழுதான். உழக் கூடாத புல்வெளியை எல்லாம் உழுததுல, 1930-கள்ல மழை பொய்ச்சப்போ மேல்மண் அப்படியே புழுதியாப் பறந்து போச்சு. சண்டை நடந்த பூமியோ, பிரான்சுல 1,200 சதுர கிலோமீட்டர் அளவுக்கு இனி வெள்ளாமை வேண்டாம்னு சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கினாங்க. இன்னிக்கும் அங்கேயும் பெல்ஜியத்துலயும் ஏர் ஓட்டினா வெடிக்காத குண்டு வருது. இரும்பு அறுவடைன்னு அதுக்குப் பேரு.

ஓப்பா ஆலை திரும்ப உரம் செய்ய ஆரம்பிச்சுது. 1921 செப்டம்பர்ல அங்கே குவிச்சு வெச்சிருந்த உரமே வெடிச்சு 500 பேருக்கு மேல செத்தாங்க. வெடிக்கும் உரத்துக்கும் உறவு அவ்வளவு நெருக்கம். அந்த வழியில செஞ்ச அம்மோனியாதான் இன்னிக்கு நாம கைநிறைய அள்ளி வீசற யூரியாவுக்கு மூலம். உலகத்துல பாதிப் பேர் வயிறு அதை நம்பித்தான் இருக்குன்னு சொல்றாங்க.

2022-ல ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்தப்போ கருங்கடல் திரும்ப அடைபட்டுச்சு. சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறுச்சு, மே மாசம் நம்ம அரசாங்கம் கோதுமை ஏத்துமதியை நிறுத்திச்சு. அந்த வருஷம் பொட்டாஷ் மூட்டையை 1,700 ரூபா கொடுத்து வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? அதே கரிசல் மண், அதே கடல் வாசல், நூறு வருஷம் கழிச்சும்.

நான் இதுல எடுத்துக்கிட்டது இதுதான். சண்டை வந்தா ஆள், மாடு, செம்பு, உரம்னு எல்லாத்தையும் முதல்ல காட்டுல இருந்துதான் எடுக்கறாங்க. எடுத்துட்டு, ஏன் விளையலன்னும் காட்டுக்காரனைத்தான் கேக்கறாங்க. விளைஞ்சா விலைக்குக் கட்டு, பசி வந்தா ஆதரவு விலை, பசி தீர்ந்தா சட்டம் ரத்து. தானியத்தை ராணுவத்தால கொண்டு வர முடியலைங்கறதை ஜெர்மனி உக்ரைன்ல பாத்துச்சு. கட்டுப்படியாகற விலை சொன்னா விவசாயி மேய்ச்சல் காட்டையும் உழுவான்ங்கறதை பிரிட்டன் பாத்துச்சு. பாத்துட்டு நாலே வருஷத்துல மறந்தும் போச்சு. ஆதரவு விலையைப் பத்தி யாராச்சும் உங்ககிட்ட அது சலுகைன்னு பேசினா, 1917-ஐயும் 1921-ஐயும் சேர்த்துச் சொல்லுங்க.

மழை விட்டாச்சு போல இருக்கு. மஞ்சள் காட்டுல தண்ணி நிக்குது, வடிச்சுவிடப் போகணும். அடுத்த வாரம் கிழங்கு அழுகலைப் பத்திப் பேசுவோம்ங்க.